லெப்டொப் காட்டும் சூட்டை நம்பலாமா? ஓர் இலக்கத்தின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

அண்மைக்காலமாக எங்களிடம் வரும் கேள்விகளில் பாதி லெப்டொப்பின் சூடு பற்றியது. "ஸேர், மகள்ட லெப்டொப்ல 92 பாகை காட்டுது, எரிஞ்சிடுமா?" என்று உம்மாமார் கேட்கிறார்கள். "ஒரு மென்பொருள் 61 காட்டுது, இன்னொன்டு 76 காட்டுது, எதை ஸேர் நம்புறது?" என்று உயர்தர மாணவர்கள் கேட்கிறார்கள். "சூடு 95க்குப் போகுதாம், போர்ட் மாத்தணும் எண்டு கடையில சொல்றாங்க" என்று வாப்பாமார் கவலைப்படுகிறார்கள்.

2022க்குப் பிறகு ஒரு லெப்டொப் என்ன விலை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல வீடுகளில் ஒரே ஒரு லெப்டொப்தான். மூத்த பிள்ளையின் படிப்பு, இளைய பிள்ளையின் பாடம், வாப்பாவின் கணக்கு எல்லாம் அதிலேதான் நடக்கின்றன. தேவையில்லாமல் போர்ட் மாற்றினால் கையிலுள்ள காசு போய்விடும். கவனிக்காமல் விட்டால் இயந்திரமே போய்விடும். எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க நம்மிடம் இருப்பது திரையில் தெரியும் அந்த இரண்டு இலக்கம் மட்டுமே.

ஆகவே அந்த இலக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதை நம்பலாம். ஆனால் அது காய்ச்சலுக்கு வைக்கும் வெப்பமானி போன்றதல்ல. பெரும்பாலான லெப்டொப்களில் அது "எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது" என்ற கணக்கிலிருந்து பிறக்கிறது. இந்த ஒரு விடயம் தெரியாமல் போனதால் ஏற்பட்ட குழப்பங்களே இந்த வரலாற்றின் பெரும்பகுதி.

எங்கிருந்து எண்ணுவது?

வெப்பநிலையை அளப்பதில் முதல் பிரச்சினை, எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதுதான். 1724 இல் பாரன்ஹைட் தனது அளவுத்திட்டத்தை வெளியிட்டபோது ஐஸ், நீர், நவச்சாரம் கலந்த குளிர்ந்த கலவையை பூச்சியமாக வைத்தார். 1742 இல் சுவீடனின் உப்சாலா நகரத்து வானியலாளர் அண்டர்ஸ் செல்சியஸ் நீரை வைத்து 100 பாகைத் திட்டமொன்றைத் தந்தார்.

நாம் பாடசாலையில் சொல்லிக் கொடுக்கும்போது பலர் கவனிக்காத ஒரு செய்தி இதில் இருக்கிறது. செல்சியஸ் முதலில் வைத்தது இன்றைய திட்டத்துக்குத் தலைகீழானது. நீர் கொதிக்கும் இடம் 0, உறையும் இடம் 100. இலக்கம் கூடக் கூடக் குளிர் கூடும். சில ஆண்டுகளுக்குள் மற்றவர்கள் அதைப் புரட்டி இன்று நாம் பாவிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் ஊரின் ஒரு சாதாரண நண்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கணக்கில் 30 பாகை. பாரன்ஹைட்டின் கணக்கில் 86. செல்சியஸின் முதல் கணக்கில் 70. வெயில் ஒன்றுதான். இலக்கங்கள் மூன்று. மூன்றும் சரி. எங்கிருந்து எண்ணினார்கள் என்று தெரியாதவருக்கு மட்டும் மூன்றும் குழப்பம். இதை மனதில் வைத்துக்கொண்டு கணினிக்கு வருவோம்.

சிப்புக்கு வெளியே இருந்த வெப்பமானி

1980களின் கணினிகளில் புரொசஸருக்குப் பெரும்பாலும் பேன் இருக்கவில்லை. சூடு ஒரு கவலையாகவே இருக்கவில்லை. 1993 இல் வந்த முதல் பென்டியம் சிப் சுமார் 15 வாட் மின்சாரத்தைச் சூடாக மாற்றியது. அத்துடன் நிலைமை மாறியது. பேன் வந்தது. பேன் நின்றுபோனால் என்ன நடக்கும் என்ற பயமும் கூடவே வந்தது.

அக்காலத்தில் புரொசஸருக்குள் வெப்பத்தை அளக்கும் பகுதி இல்லை. மதர்போர்டில், புரொசஸர் உட்காரும் சொக்கட்டுக்குக் கீழே, தேர்மிஸ்டர் என்ற சிறிய உறுப்பொன்றை வைத்தார்கள். சூட்டுக்கேற்ப அதன் மின்தடை மாறும். நஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்75, எல்எம்78 போன்ற சிறு சிப்கள் வெப்பநிலையையும், மின்னழுத்தத்தையும், பேனின் வேகத்தையும் கண்காணித்துக் கணினிக்குச் சொல்லின. லினக்ஸ் பாவிப்பவர்கள் இன்றும் சூடு பார்க்க நிறுவும் மென்பொருளின் பெயர் எல்எம் சென்சர்ஸ். அந்த "எல்எம்" வந்தது இந்தச் சிப்களின் பெயரிலிருந்துதான்.

இந்த முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. தேர்மிஸ்டர் அளந்தது புரொசஸரின் சூட்டையல்ல, அதற்குக் கீழே உள்ள காற்றின் சூட்டை. வெதுப்பகத்தின் வெளிச்சுவரில் கையை வைத்து உள்ளே போறணை எவ்வளவு சூடு என்று சொல்வது போன்றது அது. சுவர் சூடாவதற்குள் பாண் கருகிவிடும். இலக்கம் குறைவாகவும் காட்டும், தாமதமாகவும் காட்டும். ஒரே புரொசஸரை இரண்டு நிறுவனங்களின் போர்டில் போட்டால் இரண்டு வெவ்வேறு இலக்கம் வரும்.

சிப்புக்குள் புகுந்த டயோட்

1990களின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனம் சிப்புக்குள்ளேயே ஒரு டயோடை வைக்கத் தொடங்கியது. உயர்தரப் பௌதிகவியல் மாணவர்களுக்கு இது விளங்கும். மாறா மின்னோட்டம் ஒன்றைச் சிலிக்கன் டயோடினூடாகச் செலுத்தினால் அதற்குக் குறுக்கேயுள்ள மின்னழுத்தம், ஒரு பாகை சூடு ஏறும்போது ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். அந்த மாற்றத்தை அளந்தால் சூட்டைக் கணக்கிடலாம்.

தத்துவம் நல்லது. ஆனால் 2 மில்லிவோல்ட் என்பது மிகச் சிறிய அளவு. டயோட் சிப்புக்குள் இருந்தாலும் அதை வாசிக்கும் பகுதி வெளியே மதர்போர்டில் இருந்தது. இடையில் உள்ள இணைப்பின் தடை, வாசிக்கும் சிப்பின் தரம், போர்ட் தயாரித்தவர் சேர்த்த திருத்தம் எல்லாம் இலக்கத்தில் கலந்தன. டயோடும் சிப்பின் ஒரு மூலையில்தான் இருந்தது. சிப்பின் மிகச் சூடான இடம் வேறோர் இடமாக இருக்கலாம்.

2000 ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பென்டியம் 4 இல் ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. வெளியே காட்டுவதற்கு ஒரு டயோட். அதிலிருந்து பிரிந்து, சிப் தன்னைத் தானே காப்பாற்றுவதற்கென இன்னொரு சூடு உணரும் சுற்று. எல்லையைத் தொட்டால் சிப் யாரையும் கேட்காமல் தன் வேகத்தைக் குறைக்கும். அதாவது நாம் திரையில் பார்க்கும் இலக்கம் வேறு, சிப்பைக் காக்கும் காவல்காரன் வேறு. நாம் பார்க்கும் இலக்கம் பிழைத்தாலும் காவல்காரன் வேலை செய்வான்.

இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை 2001 செப்டெம்பரில் உலகம் கண்ணால் பார்த்தது. டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையத்தளம் ஒரு பரிசோதனையைப் படம்பிடித்து வெளியிட்டது. கணினி ஒரு விளையாட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே புரொசஸரின் மேலிருந்த வெப்பத்தகட்டையும் பேனையும் கழற்றி எடுத்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் சாகவில்லை. ஏ.எம்.டி.யின் இரண்டு எத்லொன் சிப்களும் கணப்பொழுதில் புகைந்து செத்தன.

அவற்றில் ஒன்றினுள் டயோட் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அளவு எடுக்கும் உறுப்பு உள்ளே இருந்தும், அதைக் கேட்டு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய போர்ட் நேரத்துக்குச் செயற்படவில்லை. சரியான அளவு மட்டும் போதாது, அதைக் கேட்டு நடக்க ஒருவர் வேண்டும். பின்னர் ஏ.எம்.டி.யும் தனது சிப்களில் பாதுகாப்பைச் சேர்த்துக்கொண்டது.

"சூடு ஏறினால் புரொசஸர் எரிந்துவிடும்" என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்து வந்தது. அன்றைக்கு அது உண்மை. இன்று கடையிலோ வீட்டிலோ அதே பயத்தோடு 92 என்ற இலக்கத்தைப் பார்ப்பவர்கள் இடையில் நடந்த 20 ஆண்டு மாற்றத்தைத் தவறவிடுகிறார்கள்.

தலைகீழாக எண்ணும் சிப்

2006 ஜனவரியில் இன்டெல் கோர் டுவோ வந்தது. அது லெப்டொப்களுக்கென்றே செய்த சிப். அதில் டிஜிட்டல் வெப்ப உணரி அறிமுகமானது. மின்னழுத்தத்தை வெளியே அனுப்பி இன்னொருவர் வாசிக்கும் தேவை போயிற்று. சிப்பே அளந்து, சிப்பே இலக்கமாக்கி, உள்ளே ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தது.

ஆனால் அது எழுதி வைத்தது வெப்பநிலையை அல்ல. எல்லையிலிருந்து எத்தனை பாகை கீழே இருக்கிறேன் என்பதை. எல்லையைத் தொட்டால் 0. அதற்கு 40 பாகை கீழே இருந்தால் 40. இலக்கம் கூடக் கூடச் சிப் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். செல்சியஸ் 1742 இல் மேலிருந்து கீழே எண்ணினாரே, ஏறத்தாழ அதே முறை.

ஏன் இப்படி? சிப்புக்குத் தேவையானது நமக்குப் புரியும் வெப்பநிலை அல்ல. "நான் ஆபத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறேன்?" என்பதே அதன் கேள்வி. தொழிற்சாலையிலும் அந்தச் சூடான பக்கத்தில்தான் உணரியைச் சரிபார்க்கிறார்கள். ஆகவே எல்லைக்குக் கிட்ட வரும்போது அது மிகத் துல்லியமாகவும், எல்லையிலிருந்து விலகிக் குளிரக் குளிரத் துல்லியம் குறைந்தும் இருக்கும். 45 நனோமீற்றர் கோர் 2 சிப்கள் சிலவற்றில் குளிர்ந்த பக்கத்தில் உணரி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு அதற்குக் கீழே இறங்காமலே நின்றது.

இனிக் குழப்பத்தின் வேர். நமக்குத் திரையில் "இத்தனை பாகை செல்சியஸ்" என்று காட்ட, மென்பொருள் ஒரு கழித்தல் கணக்குச் செய்ய வேண்டும். எல்லையிலிருந்து சிப் சொன்ன தூரத்தைக் கழிக்க வேண்டும். அந்த எல்லை எத்தனை பாகை? அன்றைய சில சிப்களுக்கு 100, சிலவற்றுக்கு 85. எந்தச் சிப்புக்கு எது என்று எல்லாவற்றுக்கும் இன்டெல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கவில்லை. மேசைக் கணினிச் சிப்களில் இந்தக் குழப்பம் மிக மோசம். கோர் டெம்ப், ரியல் டெம்ப், ஸ்பீட்பேன் போன்ற மென்பொருட்களை எழுதியவர்கள் ஊகித்தார்கள். ஒருவர் 85 என்றார், இன்னொருவர் 100 என்றார்.

மேலே மாணவர்கள் கேட்ட 61, 76 கேள்வியைப் பாருங்கள். சிப் சொன்னது 24 என்று வைத்துக்கொள்வோம். எல்லை 85 என்று நினைக்கும் மென்பொருள் 85 இலிருந்து 24ஐக் கழித்து 61 காட்டும். எல்லை 100 என்று நினைக்கும் மென்பொருள் 76 காட்டும். உணரி ஒன்று, நேரம் ஒன்று, வித்தியாசம் 15 பாகை. உணரி பொய் சொல்லவில்லை. மொழிபெயர்த்தவர்கள் வேறுபட்டார்கள்.

2008 இல் இன்டெல் அந்த எல்லைகளைப் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த நெஹாலெம் தலைமுறையிலிருந்து எல்லையையும் சிப்பே தன் பதிவேட்டில் எழுதி வைத்தது. மென்பொருள் ஊகிக்கத் தேவையில்லை, வாசித்தால் போதும். எனவே உங்கள் வீட்டில் இருப்பது அதற்குப் பிந்திய இன்டெல் லெப்டொப் என்றால் பெரும் பிழை வர வாய்ப்புக் குறைவு. இரண்டாம் கையாக வாங்கிய மிகப் பழைய கோர் 2 லெப்டொப் என்றால் அந்த 15 பாகைச் சண்டை இன்னும் உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கலாம்.

புதிய லெப்டொப்பிலும் இரண்டு மென்பொருட்கள் ஒத்துப்போகாமல் இருப்பதைக் காணலாம். அதற்குக் காரணம் வேறு. ஒன்று ஒரு கோரின் சூட்டைக் காட்டும், இன்னொன்று மிகச் சூடான கோரைக் காட்டும், மூன்றாவது எல்லாவற்றினதும் சராசரியைக் காட்டும். எதைக் காட்டுகிறது என்ற பெயரை வாசித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

வேண்டுமென்றே கூட்டிய 20 பாகை

ஏ.எம்.டி. பக்கம் கதை இன்னும் சுவாரசியமானது. அதன் பல சிப்கள் வெளியே தருவது டிசிடிஎல் என்ற இலக்கம். அது உண்மையான பௌதிக வெப்பநிலை அல்ல என்று ஏ.எம்.டி.யின் ஆவணங்களே சொல்கின்றன. பேனை எப்போது வேகமாகச் சுற்ற வேண்டும், சிப் எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்கான அளவுகோல் அது. அதனால்தான் அந்நாளைய ஏ.எம்.டி. கணினிகள் சில வேலை இல்லாதபோது அறையின் வெப்பநிலையை விடக் குறைந்த இலக்கத்தைக் காட்டின. காற்றால் குளிர்விக்கும் ஒரு பொருள் அந்தக் காற்றை விடக் குளிராக முடியாது. பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு இது உடனே விளங்கும்.

ஃபெனொம் காலத்துச் சிப்கள் சிலவற்றின் உணரி முன்னுக்குப் பின் முரணான இலக்கம் தரலாம் என்று ஏ.எம்.டி. தனது பிழைப்பட்டியலில் 319 ஆம் இலக்கத்தில் பதிந்தது. அந்தச் சிப்களைக் கண்டால் லினக்ஸின் கே10டெம்ப் என்ற பகுதி இயங்கவே மறுக்கும். "எப்படியாவது காட்டு" என்று நாம் வற்புறுத்தினால் மட்டுமே காட்டும். நம்ப முடியாத இலக்கத்தைக் காட்டுவதை விட ஒன்றும் காட்டாமல் இருப்பது மேல் என்று அதை எழுதியவர்கள் முடிவெடுத்தார்கள்.

2017 மார்ச்சில் ரைசன் சிப்கள் வந்தன. 1700எக்ஸ், 1800எக்ஸ் வாங்கியவர்கள் சூடு அதிகம் என்று முறையிட்டார்கள். 1700 வாங்கியவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சில நாட்களில் ஏ.எம்.டி. விளக்கம் தந்தது. எக்ஸ் வகைகளில் வெளியே காட்டும் இலக்கத்தில் 20 பாகை கூட்டி வைத்திருக்கிறோம், எல்லா வகைகளிலும் பேன் ஒரே ஒழுங்கில் இயங்குவதற்காக அப்படிச் செய்தோம் என்றது. 58 என்று காட்டினால் உண்மை 38. இவை மேசைக் கணினிச் சிப்கள்தான். ஆனாலும் பாடம் எல்லோருக்கும் பொது. காட்டப்படும் இலக்கம், அதைத் தயாரித்தவர் தன் தேவைக்காக அமைத்த இலக்கம்.

அளவு சரி, முடிவு பிழை

2018 ஜூலையில் அப்பிள் நிறுவனம் கோர் ஐ9 சிப்புடன் புதிய மெக்புக் ப்ரோவை வெளியிட்டது. கடினமான வேலை கொடுத்தால் அது எதிர்பார்த்ததை விட மிக மெதுவாக ஓடியது. ஒரு யூடியூபர் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதிக்குள் வைத்து ஓட்டியபோது வேகம் கூடியது. சில நாட்களில் அப்பிள் தானே ஒப்புக்கொண்டது. சூட்டை நிர்வகிக்கும் உள் மென்பொருளில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டிருந்தது. திருத்தம் வெளியிட்டார்கள். கழற்றாமலே, எந்தப் பாகமும் மாற்றாமலே பிரச்சினை தீர்ந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இலக்கம் வெறும் 50 காட்டும், லெப்டொப் நத்தை மாதிரி ஊரும். சிப் எல்லையைத் தொட்டதும் அறிவிப்பதற்கென ஒரு சமிக்ஞைக் கம்பி இருக்கிறது. பிற்காலத்தில் அது இருவழிப் பாதையாயிற்று. சார்ஜர் பகுதியோ, வேறொரு உணரியோ அந்தக் கம்பி வழியாக "மெதுவாகு" என்று சொன்னால் சிப் குளிர்ந்திருந்தாலும் மெதுவாகும். பொருந்தாத சார்ஜர் போட்ட சில லெப்டொப்கள் இப்படி ஊர்வதற்கு இதுவே காரணம். இங்கேயும் வெப்ப அளவு பொய்யல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு.

எரிவதற்கு எல்லையைத் தாண்டத்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தனது சில லெப்டொப் கிராபிக்ஸ் சிப்களின் பொதியிடலில் பாவித்த பொருளில் பலவீனம் இருந்ததாகவும், அதற்கான செலவுக்கு 150 முதல் 200 மில்லியன் அமெரிக்க டொலர் ஒதுக்குவதாகவும் அறிவித்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நுண்ணிய ஈய இணைப்புகள் வெடித்தன. அக்காலத்தில் பல லெப்டொப்களின் போர்ட் உண்மையாகவே செத்தது. "சூடு என்றால் போர்ட் போச்சு" என்ற வழக்கம் கடைகளில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். எந்த ஒரு நேரத்து இலக்கமும் அந்தக் களைப்பைக் காட்டாது.

திரை அளக்காத சூடு

திரையில் தெரியும் இலக்கம் சிப்பின் சூடு. உங்கள் பிள்ளையின் மடியில் படும் சூடு அல்ல. 2010 இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ சஞ்சிகையில் சுவிற்சர்லாந்து மருத்துவர்கள் ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி எழுதினார்கள். பல மாதங்களாக நாளுக்குச் சில மணிநேரம் லெப்டொப்பைத் தொடையில் வைத்து விளையாடியதால் அவனது தோல் வலை வலையாக நிறம் மாறியிருந்தது. கொதிக்கும் சூடு தேவையில்லை. மிதமான சூடு நீண்ட நேரம் ஒரே இடத்தில் பட்டால் போதும். ஆகவே "60தானே காட்டுது" என்று மடியில் வைக்க விடாதீர்கள். மேசையில் வைக்கட்டும்.

கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்த துப்பாக்கி வெப்பமானியால் லெப்டொப்பைச் சோதிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அது மேற்பரப்பை மட்டும் அளக்கும். மனித உடலின் வெப்பநிலைக்கென்றே அமைத்தது. பளபளப்பான உலோகத்தில் பிடித்தால் குறைத்தும் காட்டும். சிப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய, உள்ளே இருக்கும் உணரியே அதைவிட எவ்வளவோ மேல்.

அப்படியானால் நாம் எப்படி வாசிப்பது?

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை.

1. மேல் பக்கத்தை நம்புங்கள், கீழ்ப் பக்கத்தில் சண்டை பிடிக்காதீர்கள். 95, 100 என்று காட்டினால் சிப் உண்மையாகவே எல்லைக்குக் கிட்ட இருக்கிறது. 42 ஆ 47 ஆ என்பதில் அர்த்தமில்லை.

2. 95 என்பது மரண அறிவித்தல் அல்ல. கடினமான வேலையின்போது பல லெப்டொப்கள் அந்தப் பக்கம் போகும்படியே அமைக்கப்பட்டிருக்கின்றன. சிப் முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் தானாக அணைந்துவிடும். ஆனால் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 90 காட்டினால் அது கவனிக்க வேண்டிய செய்தி. தூசு அடைத்திருக்கலாம், பேன் நின்றிருக்கலாம், சிப்புக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.

3. ஒரு கணத்தில் 45 இலிருந்து 85க்குப் பாய்ந்து திரும்ப இறங்கினால் பயப்படாதீர்கள். இன்றைய சிப் நகம் அளவு. வேலை வந்ததும் சில நொடிகளுக்குத் தன் வேகத்தைக் கூட்டும். அந்தச் சிறிய இடம் உடனே சூடாகி உடனே ஆறும்.

4. பக்கத்து வீட்டு லெப்டொப்போடு ஒப்பிட வேண்டாம். நிறுவனம் வேறு, எல்லை வேறு, கணக்கு வேறு. உங்கள் லெப்டொப்பை அதன் நேற்றோடு ஒப்பிடுங்கள். நன்றாக இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு, 20 நிமிடம் வீடியோ பார்த்த பின் எவ்வளவு, அன்று அறையில் பேன் ஓடியதா இல்லையா. ஆறு மாதம் கழித்து அதே மென்பொருளால் அதே வேலையைச் செய்து பாருங்கள். 15 பாகை ஏறியிருந்தால் அதுதான் உண்மையான தகவல்.

5. அறையின் சூட்டைக் கணக்கில் எடுங்கள். அறை 22 பாகையாக இருக்கும் நாட்டில் எடுத்த அளவை நமது 32 பாகை அறையோடு ஒப்பிட முடியாது. அந்த 10 பாகை ஏறத்தாழ அப்படியே சிப்பிலும் ஏறும்.

6. "வெப்பநிலை 3: 127 பாகை" என்பது போல அசையாமல் நிற்கும் விசித்திர இலக்கங்களைப் புறக்கணியுங்கள். எதுவும் இணைக்கப்படாத முனையை மென்பொருள் வாசிக்கிறது. அந்த வகை எண்ணிக்கையில் எழுதக்கூடிய மிகப் பெரிய இலக்கம் 127 என்பதால்தான் அது அங்கே நிற்கிறது.

திருத்தக் கொடுக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த மென்பொருளால் அளந்தீர்கள்? அப்போது லெப்டொப் என்ன வேலை செய்துகொண்டிருந்தது? தூசு தட்டி, பேஸ்ட் மாற்றிய பின் மீண்டும் அளந்தீர்களா? அந்த இரண்டு இலக்கங்களையும் பில்லில் எழுதித் தருவீர்களா? நேர்மையாகத் தொழில் செய்யும் தம்பிமார் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்விகளைச் சந்தோசமாக ஏற்பார்கள், அவர்களுடைய வேலைக்கும் அது சாட்சி. முதல் மூன்று கேள்விக்கும் பதில் இல்லாமல் "95 காட்டுது, போர்ட் மாத்துங்க" என்று மட்டும் சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதை முழுவதிலும் உணரி பழுதாகிப் பொய் சொன்ன சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் உணரி ஒன்றைச் சொன்னது, இடையில் உள்ளவர்கள் வேறொன்றாக விளங்கிக்கொண்டார்கள். ஆய்வுகூடத்தில் ஒரு கருவியைக் கையில் எடுக்கும்போதும் இதையே கேளுங்கள். இதன் பூச்சியம் எங்கே? இதை யார், எதற்காக, எந்த இடத்தில் சரிபார்த்தார்கள்? அதன் பிறகு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லெப்டொப் பற்றிக் கேட்க விரும்புவோர் மாதிரியின் பெயர், மென்பொருளின் பெயர், செய்துகொண்டிருந்த வேலை, காட்டிய இலக்கம் ஆகிய நான்கையும் கீழே எழுதுங்கள். நமக்குத் தெரிந்ததைச் சொல்வோம். தொழில் தெரிந்த பழைய மாணவர்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்களும் உதவுவார்கள். இந்த மாதம் லெப்டொப் திருத்தக் கொடுக்கவிருக்கும் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், காசு கொடுப்பதற்கு முன் அவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். பிரயோசனமாக இருக்கும்.